வேலையை மறுத்த டிரைவர்

டிப்போவில் அவரை ஹேண்ட் பிரேக் என்றுதான் கூப்பிடுவார்கள். சமதரையில் நிறுத்தினாலும் சரி, ஒரு வாய் தண்ணீர் குடிக்க இறங்கினாலும் சரி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் சீட்டைவிட்டு எழுந்திருப்பார். புதிதாக வந்த டிரைவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் இழுக்காமல் இறங்கியது கிடையாது. இருபத்தேழு வருடம் தொலைதூர பஸ் ஓட்டியதில் அவர் வண்டியில் ஓர் உயிர்கூட அடிபடவில்லை என்று கண்டக்டர்கள் பெருமையடிப்பார்கள். அது கொஞ்சம் கூடுதல். ஒரு தடவை ஒரு கோழி அடிபட்டது. அதை அவரே ஒப்புக்கொள்வார்.

ஐம்பத்துமூன்றாவது வயதில் கண் அவரைக் கைவிட்டது. நேரே பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. அரை மைலுக்கு முன்னாலேயே பெயர்ப்பலகையைப் படித்துவிடுவார். ஓரங்கள்தான் அவருக்குத் தெரியாமலேயே ஒவ்வொன்றாகக் கழன்று போயிருந்தன. வீட்டில் இடது பக்கம் நின்று மனைவி டீயை நீட்டினால் வாங்காமல் உட்கார்ந்திருப்பார். வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்து அவளும் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு ஒருநாள் பஸ் நிலையத்தைவிட்டு வண்டியை எடுக்கும்போது கண்டக்டர் போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தார். இறங்கிப் பார்த்தால், முன்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் சைக்கிளோடு ஓர் ஆள் வெளிறிப்போய் நிற்கிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் கண்டக்டர் அதை மறந்தும் போனார்.

டிரைவர் மறக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை போனதுதான், சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அங்கிருந்து நேரே டிப்போவுக்குப் போய் மேனேஜர் மேசையில் சாவியை வைத்தார்.

மேனேஜருக்குப் புரியவில்லை. யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேட்டார்.

"யாரும் குடுக்கல. என்மேல நானே குடுக்கிறேன்," என்றார் டிரைவர்.

கம்பெனி ஒரு படிவத்தைக் கொடுத்து டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னது. கனரக வாகனம் ஓட்டத் தகுதி உண்டா என்பது படிவத்திலிருந்த கேள்வி. தகுதி இல்லை என்று டாக்டர் எழுதினார். உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவும் காலியில்லை என்று சொல்லி, கம்பெனி கைகுலுக்கி அனுப்பிவைத்தது.

அப்போது ஊரில் இரண்டு அலுவலகங்கள் இருந்தன. ரயில் பாலத்தடியில் உதவித்தொகை அலுவலகம். மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில், வேலை தேடித் தரும் அலுவலகம். இரண்டுக்கும் நடுவே இரண்டு பஸ் மாற வேண்டும். மாடி அலுவலகத்தில் ஆலோசகியாக ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் ஒரு தடித்த நோட்டும் ஒரு பழைய போனும். எந்தக் கம்பெனியில் எந்த மேஸ்திரி நல்லவர், எவன் இரண்டு மாதம் வேலை வாங்கிவிட்டு விரட்டுவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிரைவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணைப் பற்றி, சைக்கிள்காரனைப் பற்றி, ரோட்டில் ஹாரன் கேட்டாலே தன் கை ஸ்டியரிங்கைத் தேடுவதைப் பற்றிக்கூட. அவள் கேட்டுவிட்டு, வண்டி ஓட்டாத வேலையாகத்தான் தேட வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதியது அந்த நோட்டைத் தாண்டி எங்கேயும் போகவில்லை.

நான்கு மாதம் கழித்து இரண்டு அலுவலகங்களையும் ஒன்றாக்கினார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே, மையம் என்ற பெயரில் புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, டோக்கன் மிஷின். வாசலில் 'ஒரே இடம், ஒரே முகம், உங்கள் முன்னேற்றம்' என்று ஆள் உயர எழுத்து. டிரைவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். இரண்டு பஸ் மாறுகிற அலைச்சல் மிச்சம். அதைவிட, அவருக்கு ஒதுக்கப்பட்ட ஒரே முகம் அந்த மாடி அலுவலகப் பெண்ணின் முகமாகவே இருந்தது. இதைவிட என்ன வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அரசாங்கக் காரியத்தில் கண்ணாடிக் கதவு வந்தாலே அவளுக்குச் சந்தேகம். "உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துட்டுச் சந்தோஷப்படுங்க," என்றாள்.

உள்ளே நடந்தது இதுதான். ஆலோசகியிடமிருந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டு கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தார்கள். வேலை தேடித் தருவதும் அவள்தான். தேடுகிறவர் ஒழுங்காகத் தேடுகிறாரா என்று கண்காணித்து உதவித்தொகைக்குப் பரிந்துரைப்பதும் அவளேதான். வாரத்துக்கு நான்கு வேலைக்காவது விண்ணப்பம் போட வேண்டும். தொழில் என்ற கட்டத்தில் 'ஓட்டுநர்' என்று இருந்தது. அதை மாற்ற வேறு தொழிலில் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றது கம்ப்யூட்டர். பயிற்சிப் பட்டியலைத் தட்டினாள். சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுவது, வாட்ச்மேன் வேலை. இரண்டுக்கும் சுற்றிலும் கண் தெரிய வேண்டும்.

"டாக்டர் சீட்டு இருக்கேம்மா," என்றார் டிரைவர்.

சீட்டில் கனரக வாகனம் என்றுதான் போட்டிருக்கிறது, அதனால் இலகுரக வாகனம் ஓட்டலாம் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். புதுச் சீட்டு வாங்க டாக்டரின் அடுத்த தேதி இரண்டு மாதம் தள்ளி இருந்தது.

லாரி பெரியது, கார் சின்னது. அதனால் லாரிக்குத் தெரியாத கண் காருக்குத் தெரியும். படித்தவர்கள் கூடி உட்கார்ந்து ஏற்படுத்திய கணக்கு இது.

ஆக, பஸ் சாவியைத் தானாகக் கொண்டுபோய் வைத்த மனிதர் வாரம் நான்கு தடவை, எனக்கு வண்டி ஓட்ட வேலை கொடுங்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டவர்களிடம் முதலிலேயே கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுவார். வந்தவழியே அனுப்பிவிடுவார்கள். காய்கறி வேன்காரர் ஒருவர், முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்தார். மாவு மில்காரர் ஒருவர், கண்ணில்லாதவன் எதற்காக என் நேரத்தைக் கெடுக்கிறாய் என்று வாசலில் வைத்தே ஏசினார். அந்த ஆள் ஏசியதில் தவறில்லை என்பதுதான் டிரைவருக்கு உறுத்தியது. தன்னை அங்கே அனுப்பியவர்களைத்தான் அவர் ஏசியிருக்க வேண்டும்.

ஒன்பதாவது ஆள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன்காரர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அவரிடமிருந்த டிரைவர் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். திங்கட்கிழமைக்குள் ஆள் வேண்டும். டிரைவர் கண்ணைப் பற்றிச் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இருவத்தேழு வருஷம் பஸ் ஓட்டின கைக்கு இந்த வேன் பொம்மை மாதிரிங்க. சும்மா ஒரு சுத்து எடுங்க, பாப்போம்," என்று சாவியைக் கையில் திணித்தார்.

டிரைவர் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். ஓட்டிப் பார்க்க மறுத்தார் என்று வேன்காரர் மையத்துக்கு எழுதினால் அதுவும் குற்றம். ஷெட் வாசலில் ஆளில்லாத முற்றம்தான். ஏறி உட்கார்ந்தார். ஆறேழு மாதத்துக்குப் பிறகு கியரில் கை பட்டதும் உடம்பே தளர்ந்து இளகியது. முன்னால் எடுத்து, வளைத்து, சுவரோரமாக நூல் பிடித்தாற்போல் பின்னால் கொண்டுவந்தார். பக்கத்தில் மடக்கென்று ஒரு சத்தம். கழுவுகிற பக்கெட் ஒன்று சக்கரத்தடியில் சப்பளிந்து கிடந்தது. அது அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. நீல பக்கெட், வெயிலில் பளபளவென்று, யாருக்கும் தெரிகிற மாதிரித்தான் இருந்திருக்கிறது.

வேன்காரர் சிரித்தார். பக்கெட் போனால் போகிறது என்றார்.

டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அந்த உயரத்துலதான் புள்ளைங்க நிக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தார்.

அடுத்த நாள் மையத்தில் ஆலோசகியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். மாடி அலுவலகத்தில் சொல்லிப் பழகிய அதே நம்பிக்கையில் சொன்னார். அவள் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

"ஐயா, வேன்காரர் உங்களுக்கு வேலை தரத் தயாரா இருந்தாரா?"

"தயாராத்தாம்மா இருந்தாரு. நான்தான் வேணாம்னேன்."

"இத நீங்க என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்," என்றாள் மெதுவாக.

வேன்காரர் ஏற்கெனவே, ஆள் பிடித்திருந்தது, வரவில்லை என்று மையத்துக்குப் பதில் அனுப்பியிருந்தார். காரணக் கட்டத்தை நிரப்பாமல் அவளால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. பக்கெட் முதற்கொண்டு எல்லாவற்றையும் எழுதினாள். கம்ப்யூட்டர் அதில் ஒரு வரியைத்தான் எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் அவர் போனுக்குத் தகவல் வந்தது: கிடைத்த வேலையை மறுத்த காரணத்தால் உதவித்தொகை பதிமூன்று வாரங்களுக்கு நிறுத்தப்படுகிறது.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தாள். அவர், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று ஆரம்பித்தார்.

"நீங்க எதுக்கு வாய மூடணும்? நீங்க என்ன திருடுனீங்களா? நாளைக்குப் போயி, இத எழுதினவன் எவன்னு கேளுங்க. கேக்காம வீட்டுக்கு வராதீங்க," என்றாள்.

மறுநாள் மச்சினன் தன் காரிலேயே அவரைக் கூட்டிப்போனான். டயர்க் கடை வைத்திருப்பவன். அக்கா சொன்னால் மறு பேச்சு கிடையாது. வண்டியை மையத்தின் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு அவனும் உள்ளே வந்து நின்றான். கூடம் நிறைய ஆட்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் டிரைவர் ஆலோசகியின் மேசைக்குப் போய், பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் எதுவும் கேட்காமல் எழுந்துபோய் அழைத்துவந்தாள்.

அதிகாரிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். திரையைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பெரியவரே, விதிப்படிதான் நடந்திருக்கு. இலகுரக வாகனம் ஓட்ட உங்களுக்கு எந்தத் தடையும் இல்ல. லைசென்ஸ் செல்லுபடியில இருக்கு. வேலை கிடைச்சுது, நீங்க மறுத்துட்டீங்க."

வேலை பார்க்கிற அளவுக்கு இளையவர் என்று கோப்பில் எழுதியிருக்கிற ஆளை வாயால் பெரியவரே என்று கூப்பிடுகிறார். பின்னால் நின்ற மச்சினனுக்குப் பொறுக்கவில்லை, செருமினான். டிரைவர் கையை உயர்த்தி அவனை அடக்கினார். கண் எப்படிப்பட்டது, என்னென்ன தெரியாது என்று இன்னொரு தடவை பொறுமையாக விளக்கினார். அதிகாரியும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், எங்களுக்குச் சீட்டில் இருப்பதுதான் சாட்சி என்றார்.

டிரைவர் சட்டைப்பையிலிருந்த லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். மச்சினனிடம் கையை நீட்டினார். அவனும் புரியாமலேயே சாவியைக் கொடுத்தான்.

"சரி சார். வண்டி வெளிய நிக்குது. இலகுரகம்தான். ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்துடலாம். நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

அதிகாரி முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "அதெல்லாம் நடைமுறையில இல்லைங்க."

"நடைமுறை என்ன சார் பெரிய நடைமுறை. எந்தத் தடையும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க. பத்து நிமிஷம். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, ஸ்டேஷன். அவ்வளவுதான்."

"நான் டியூட்டில இருக்கேன்."

"பதினாலு புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போன்னு அனுப்புனீங்க. அதுங்களுக்கு நான் சரியான டிரைவர், உங்களுக்கு மட்டும் நான் குருடனா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கூடம் முழுக்கப் பேச்சு அடங்கியிருந்தது. டோக்கன் மிஷின் அடுத்த எண்ணைக் கூப்பிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஓர் அம்மா, "ஏறிப் போய்ட்டு வாங்க சார், நாங்க இருக்கோம்," என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதிகாரியின் காது சிவந்தது. காவலாளியைத் திரும்பிப் பார்த்தார். காவலாளி கதவுக்கு வெளியே எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஆலோசகி பேசினாள். "நானும் ஏற மாட்டேன் சார்."

அதிகாரி அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை. "இவர் ஓட்டுற வண்டில நான் ஏற மாட்டேன், என் புள்ளைய ஏத்த மாட்டேன். அப்படிப்பட்ட வேலைக்கு நான்தான் இவர அனுப்பினேன். இத நான் எழுத்துல போட்டு மேல்முறையீட்டோட சேத்துடறேன்," என்றாள். உட்கார்ந்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை டிரைவர் கையில் கொடுத்தாள். கையெழுத்து தெளிவாக இருந்தது.

மேல்முறையீட்டுக்குப் பதினொரு வாரம் ஆனது. நிறுத்தம் பதிமூன்று வாரம்; அதில் பதினொன்று ஓடிப்போன பிறகு நியாயம் வழங்கினார்கள். கடிதத்தில் மூன்று வரி. பதிவில் ஏற்பட்ட குறைபாடு சரிசெய்யப்பட்டது என்றிருந்தது. யார் செய்த குறைபாடு என்று இல்லை. வருந்துகிறோம் என்ற ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தப் பதினொரு வாரமும் மனைவி காலை முறையோடு மதிய முறையையும் சேர்த்து நின்றபடி இஸ்திரி போட்டாள். வீட்டுக்கு வந்ததும் வீங்கின காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஆறினால் மாற்றிக்கொண்டிருப்பார். ஒருநாளும் அவள் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த அதிகாரியின் வம்சத்தைத்தான் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

வேலை எங்கிருந்து கிடைத்தது என்றால், டயர்க் கடையிலிருந்து. மச்சினனிடம் டயர் மாற்ற வந்த சரக்குக் கிடங்குக்காரர், லாரிகளை ஒழுங்குபடுத்தி உள்ளே விட ஆள் இல்லாமல் தினமும் சண்டை நடக்கிறது என்று புலம்பியிருக்கிறார். அந்த வேலை தெரிந்த ஆள் எங்கள் மாமாதான் என்று இவன் சொல்லியிருக்கிறான். கிடங்கு வாசலில் ஓர் அறை, நேர் எதிரே நுழைவு வழி. எந்த லாரி சரக்கு இறக்கும் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும், எது எவ்வளவு வளையும், எதை முதலில் விட்டால் எது சிக்கும் என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்கிற வேலை. அதற்கு இருக்கிற கண் போதும். அந்த மூளை இருபத்தேழு வருடமாகத் தயாராக இருந்தது. முதல் வாரத்திலேயே சண்டை நின்றது. இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்குப் பட்டியலில் பெயரே கிடையாது.

வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம் மையத்திலிருந்து தடித்த காகிதத்தில் ஒரு கடிதம் வந்தது. வாழ்த்துகள். மையத்தின் ஒருங்கிணைந்த சேவையால் பணியில் அமர்ந்தவர்களின் படங்கள் வரவேற்பறைச் சுவரில் வைக்கப்பட இருக்கின்றன. தங்கள் புகைப்படம் ஒன்றும், சேவை எவ்வாறு உதவியது என்று சில வரிகளும் அனுப்பவும்.

அன்றைக்குத்தான் அவர் உண்மையிலேயே கொதித்தார். உதவித்தொகையை நிறுத்தியபோதுகூட அப்படிக் கொதித்தவரில்லை. கிடங்கில் அரை நாள் சொல்லிவிட்டு, கடிதத்தோடு மையத்துக்குப் போனார். ஆலோசகியின் மேசையில் வேறொருத்தர் இருந்தார். அவளைப் பின்கட்டில், கோப்புகளை ஸ்கேன் செய்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று காவலாளி கிசுகிசுத்தார். ஜன்னல் இல்லாத அறை. போய்ப் பார்த்தார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். என்னால்தானே என்றார். இல்லை ஐயா, இங்கே யாரும் என்னிடம் எதையும் சொல்ல மாட்டார்கள், நானும் எதையும் எழுதிக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, நிம்மதிதான் என்றாள். அவள் முகத்தில் நிம்மதி இல்லை.

சுவருக்கு அவர் படம் தரவில்லை. கடிதத்தின் பின்பக்கத்திலேயே, வேலை கிடைத்தது டயர்க் கடையால், உங்களால் கிடைத்தது பதினொரு வாரப் பட்டினி, உங்களிடம் உண்மையாக நடந்துகொண்ட ஒரே பெண்ணை இருட்டறையில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதி, கீழே முழுக் கையெழுத்துப் போட்டு முன்மேசையில் கொடுத்தார். அங்கிருந்தவர் அதைப் படிக்காமலேயே முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். அந்த வருட அறிக்கையில் மையத்தால் வேலை பெற்றவர்கள் எண்ணிக்கையில் அவரும் ஒருவர் என்று பின்னால் தெரியவந்தது. அதை மாற்றச் சொல்லி இரண்டு தடவை எழுதினார். பதில் வரவில்லை.

இப்போது டிப்போவில் ஆட்குறைப்பு நடக்கிறது. பழைய கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் கிடங்கு வாசலுக்கு வந்து, மையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, அங்கே எப்படிப் பேச வேண்டும் அண்ணே என்று அவரிடம் கேட்கிறார்கள். போன வாரம் முதுகு போன மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். எந்த டாக்டர் சீட்டு வாங்க வேண்டும், அதில் எந்தெந்த வார்த்தை இருக்க வேண்டும், எந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று டிரைவர் வரிசையாகச் சொன்னார். கடைசியில், அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், நீங்களாக எதையும் திறந்து சொல்லாதீர்கள் என்றார்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா அண்ணே?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இல்ல. வாய மூடிக்கிட்டு இருங்கன்னு சொல்றேன்," என்றார் டிரைவர்.

சொல்லிவிட்டு அவருக்கே அசிங்கமாக இருந்தது. ஆயுசில் யாருக்கும் அவர் அப்படி ஒரு யோசனை சொன்னதில்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது. இரண்டாம் தளம் என்று கையைக் காட்டி அதை உள்ளே விட்டார்.